பிலோமினா வண்டியில் நான் வைத்த கட்டி

தம்பிகளா, போன வாரம் நம்ம டூவீலர் எலக்ட்ரீசியன் வாட்ஸ்அப் குரூப்புல உங்கள்ல ஒருத்தன் ஒரு போட்டோ போட்டிருந்தான். பைக்குல யூ.எஸ்.பி. சார்ஜர் மாட்டி, வயரெல்லாம் அழகா டேப் சுத்தி, ஃபியூஸ் மேல பசையப் பிதுக்கி அப்பி, "தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாது"ன்னு எழுதியிருந்தான். அதுக்குக் கீழ நீங்க எல்லாரும் கட்டைவிரலத் தூக்கிக் காட்டியிருந்திய. அதப் பாத்ததும் நல்லா ஏசி ஒரு வாய்ஸ் மெசேஜ் போடலாம்னு போன எடுத்தேன். அப்புறம் வச்சிட்டேன். ஏசுற யோக்கியதை எனக்கு இல்ல. அந்த வேலைய இந்த ஊர்ல முதல்ல செஞ்சவன் நான்தான்.

எங்க வீட்டு டி.வி.க்குப் பக்கத்துல சாம்பல் கலர்ல ஒரு கட்டி இருக்கு. நெல்லிக்காய விடப் பெருசு, கொய்யாக்காய விடச் சிறுசு. நடுவுல ரெண்டாப் பொளந்திருக்கும். வீட்டுக்கு வாரவங்க எல்லாம், "இது என்ன அண்ணாச்சி, கடல்ல எடுத்ததா?"ன்னு கேப்பாவ. என் வீட்டுக்காரி, "அது அவுக வாங்குன பரிசு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிருவா. அந்தக் கட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு இத்தன நாளா யாருக்கும் சொன்னதில்ல. இன்னைக்குச் சொல்லிருதேன். ஆனா முதல்ல இருந்து வந்தாத்தான் உங்களுக்கு விளங்கும்.

நம்ம ஊர் உப்புக் காத்தப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் உப்பளம். மத்த ஊர்க்காரன் மாட்டுன வயரு வருசக்கணக்கா ஓடும். நாம மாட்டுனது ஆறு மாசத்துல பச்சை பூத்து நிக்கும். ஆளு நேரா நம்ம கடைக்கு வந்து, "என்ன அண்ணாச்சி வேலை பாத்திய?"ன்னு கேப்பான். காத்து மேல கோவப்பட முடியாது பாருங்க, அதனால நம்ம மேல கோவப்படுவான். எனக்கு வேற மூக்குக்கு மேல கோவம். "கடல எடுத்துட்டு வேற பக்கம் வைக்கச் சொல்லுவே, அப்புறம் வா"ன்னு ஒரு தடவை ஒரு ஆள விரட்டியே விட்டிருக்கேன்.

அதிலயும் ரொம்பக் கழுத்தறுப்பு இந்த ஃபியூஸ் வைக்கிற கூடுதான். தெரியாதவங்களுக்காகச் சொல்லுதேன், பேட்டரியில இருந்து வயரு கிளம்புற இடத்துலயே ஒரு ஃபியூஸ் வைப்போம். வழியில எங்கயாவது வயரு உரசி, இரும்புல பட்டு, கரண்டு கண்டபடி பாஞ்சா, ஃபியூஸ் அறுந்து மத்ததக் காப்பாத்தும். அந்தக் கூட்டுக்குள்ள உப்பு ஏறுனா, ஒண்ணும் நடக்காமலே கரண்டு விட்டு விட்டு வரும். போன் சார்ஜ் ஏறாது. ஆளு கடைக்கு வந்துருவான்.

ஒரு நாள் எங்க வீட்டு அடுப்படியில குழாய் ஒழுகுச்சு. என் வீட்டுக்காரி கடையில போய் ஒரு பசை வாங்கிட்டு வந்தா. ரெண்டு கலர் உருண்டையச் சேத்துப் பிசைஞ்சு அப்புனா அரை மணி நேரத்துல கல்லாப் போகுமே, அதான். நான் அதத் தட்டிப் பாத்தேன். டங்குன்னு நின்னுச்சு. அவ்வளவுதான், எனக்குள்ள மணி அடிச்சிட்டு. மறுநாளே கடைக்கு ஒரு பெட்டி வாங்கிப் போட்டேன். ஃபியூஸ் மாட்டுறது, கூட்ட மூடுறது, மேல பசையக் கொழுக்கட்டை மாதிரி உருட்டி அப்புறது. எங்க கடையில அதுக்குப் பேரு கல்லுப்பசை. அதுக்கப்புறம் சார்ஜர் ஏறலன்னு ஒரு பய வந்ததில்ல. "அண்ணாச்சி வேலை ஆயுசுக்கும் ஓடும்"னு பேரு பரவிட்டு. எனக்கும் தலை கொஞ்சம் கனம் ஏறிட்டு. ஏறத்தானே செய்யும்?

அந்த நேரத்துலதான் பிலோமினா வந்தா.

திரேஸ்புரத்துப் பொம்பளை. வீட்டுக்காரன் வள்ளத்துல கடலுக்குப் போறவன். அவன் கொண்டு வாரத, பத்தாததுக்கு ஏலத்துல எடுத்தத, ஐஸ் பெட்டியில போட்டு பைக்குல கட்டிக்கிட்டு, பாளையங்கோட்டை ரோட்டுல இருக்கிற நம்ம புதுக்கோட்டை பக்கம் தெருத்தெருவா வித்துட்டு வருவா. பைக்குன்னா கியர் வண்டி. சேலைய இழுத்துச் செருகிக்கிட்டு உதைச்சான்னா ஒரே உதையில வண்டி எந்திரிக்கும். வாயும் அப்படித்தான். கடைக்குள்ள நுழையும்போதே, "அண்ணாச்சி, ஆயுசுக்கும் ஓடுற மாதிரி வேலை செய்வியளாமே, ஆயுசு யாருக்கு, வண்டிக்கா உங்களுக்கா?"ன்னுதான் நுழைஞ்சா.

அவளுக்கு வேண்டியது ரெண்டு. போனுக்குச் சார்ஜர் ஒண்ணு. ஆர்டர் எல்லாம் போன்லதான் வருது, மத்தியானத்துக்குள்ள அது செத்துப் போகுது. இன்னொண்ணு, கூவிக் கூவித் தொண்டை போயிட்டு, அதனால குரலப் பதிஞ்சு வச்சுத் திருப்பித் திருப்பிச் சொல்லுற ஒலிபெருக்கி. அவளே வாங்கிட்டு வந்திருந்தா.

நான் வேலைய ஆரம்பிச்சேன். அவ மீன் கூடையக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்து என் கையவே பாத்துக்கிட்டு இருந்தா. எனக்கு யாராவது பாத்தா வேலை இன்னும் சுத்தமா வரும். சாவி போட்டாத்தான் கரண்டு வாற மாதிரி ரிலே வச்சேன். நல்ல கனமான வயரு போட்டேன். பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃபியூஸ் வச்சேன். இது வரைக்கும் எந்தக் கொம்பனும் குறை சொல்ல முடியாது. பேட்டரி அவ ஐஸ் பெட்டிக்குக் கீழதான் இருக்கு, மீன் தண்ணி சொட்டுறது நேரா அங்கதான். அதனால வழக்கமா வைக்கிறத விட ரெண்டு மடங்கு கல்லுப்பசைய எடுத்து அப்புனேன்.

"அண்ணாச்சி, உள்ள சின்னதா என்னமோ சொருகுனியளே, அது கெட்டுப் போனா எப்படித் தொறக்க?"ன்னு கேட்டா.

தம்பிகளா, இந்தக் கேள்விய நல்லாக் கவனிச்சுக்கிடுங்க. இத்தன வருசத்துல எவனும் கேக்காத கேள்வி. நம்ம தொழில்லயே இருந்த நான் கேக்காத கேள்வி. மீன் விக்கிற பொம்பளை கேட்டா. அதுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஸ்க்ரூடிரைவரக் காதுல சொருகிக்கிட்டு, நல்லா சத்தமா, "தொறக்கவே வேண்டாம் தாயி, ஆயுசுக்கும் ஓடும்!"ன்னேன்.

கேள்வியக் கேட்டுட்டு, நான் பதில் சொல்லுறதுக்குள்ள அவ ஒலிபெருக்கியில பதியுற பொத்தான அமுக்கி மீன் பேரக் கூவியிருக்கா, பொத்தான விடுறதுக்குள்ள நான் சொன்னதும் அதுல ஏறிட்டு. சரி பாக்கலாம்னு ஓட விட்டா. "சீலா இருக்கு, பாறை இருக்கு, ஊளி இருக்கு, நெத்திலி இருக்கு, வாங்க வாங்க"ன்னு அவ குரல். அதுக்குப் பின்னாலயே என் குரல், "தொறக்கவே வேண்டாம் தாயி, ஆயுசுக்கும் ஓடும்!" கடைக்கு முன்னால டீ குடிச்சவன் எல்லாம் சிரிச்சான். எனக்கு முகம் சிவந்துட்டு. "ஏளா, அத அழிச்சிட்டு வேற பதி"ன்னேன். "இருக்கட்டும் அண்ணாச்சி, சனம் சிரிச்சா நிக்கும், நின்னா வாங்கும்"னு சொல்லிட்டு வண்டிய உதைச்சா. அன்னையில இருந்து என் குரலு புதுக்கோட்டை சுத்துவட்டாரம் பூரா மீன் விக்க ஆரம்பிச்சிட்டு. எங்க சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போனா, சாப்பாட்டுப் பந்தியில, "அண்ணாச்சி, இலைய மூடவா தொறக்கவா?"ன்னு கேலி பண்ணுற அளவுக்குப் போச்சு.

நாலஞ்சு மாசம் போயிருக்கும். ஒரு நாள் காலையில பத்து மணி வாக்குல கடையில உக்காந்திருக்கேன். போன் வருது. பிலோமினா.

"அண்ணாச்சி, உங்க கட்டி செத்துப் போச்சு"ன்னா.

"என்னளா சொல்லுத?"

"ஆமா. வழியில எல்லாம் நின்னு போச்சு. சார்ஜர் இல்ல, பாட்டு இல்ல. இன்னைக்குன்னு பாத்து மறுவீட்டு விருந்துக்கு ஒரு சமையக்காரர் சீலா கேட்டிருக்காரு. புது ஆளு. இன்னைக்கு நல்லாக் குடுத்தா மாசாமாசம் எங்கிட்டதான் எடுப்பேன்னிருக்காரு. வீடு எங்கன்னு போன்லதான் அனுப்பியிருக்காரு, போனு சாகக் கிடக்கு. நல்ல காலம், பஞ்சர் கடையில நின்ன ஒரு லாரிக்கார அண்ணன் பாத்தாவ. கட்டியத் தட்டித் தட்டிப் பாத்தாவ, தொறக்க முடியல. 'இந்தக் கல்ல எந்தப் புண்ணியவான் வச்சான்'ன்னு கேட்டாவ. நான் உங்க பேரச் சொல்லல அண்ணாச்சி. அப்புறம் பேட்டரியில இருந்தே நேரா ஒரு வயர இழுத்து, பெட்டி ஸ்டாண்டுக்கு அடியில விட்டு, சேத்துக் கட்டிட்டாவ. இப்ப பாட்டு ஓடுது, சார்ஜர் மட்டும் இன்னும் ஏறல. சாவி இல்லாமலே பாடுது!"

நான் உக்காந்த இடத்த விட்டு எந்திரிச்சிட்டேன். ஏன்னு உங்களுக்கே தெரியும். பேட்டரியில இருந்து நேரா வயரு. நடுவுல ஃபியூஸ் கிடையாது. அதுவும் இரும்பு ஸ்டாண்டுக்கு அடியில. மேல ஐஸும் மீனுமா அவ்வளவு பாரம். ஒவ்வொரு பள்ளத்துலயும் வண்டி குதிக்கும்போது அந்த ஸ்டாண்டு வயரக் கத்தி மாதிரி நசுக்கும். தோலு கிழிஞ்சு செம்பு இரும்புல பட்டா, நிறுத்துறதுக்கு ஒண்ணும் இல்ல. வயரு பழுத்து எரியும். சாவிய அணைச்சாலும் நிக்காது. ரெண்டு சாண் முன்னால பெட்ரோல் டேங்க்கு, அதுக்கு மேல அவ.

இங்கதான் நான் செஞ்ச ரெண்டாவது மடத்தனம். சொல்ல வேண்டியது என்ன? "வண்டிய நிறுத்து. பேட்டரியில கருப்பு வயரக் கழத்து." அவ்வளவுதான். ஒரு மூச்சு கூட ஆகாது. நான் என்ன செஞ்சேன்? "எவன்ளா அந்த லாரிக்காரன்? அவன் வண்டி ஓட்ட வந்தானா வயரு மாட்ட வந்தானா? ஃபியூஸ் இல்லாம வயரு இழுக்கச் சொல்லி அவனுக்கு எந்த மடப்பய சொல்லிக் குடுத்தான்? நான் ரிலே வச்சு, கனமான வயரு போட்டு..."ன்னு ஆரம்பிச்சேன். என் வேலையோட பெருமை பூராவும் சொல்லி முடிச்சுட்டு, "சரி இப்ப நீ என்ன பண்ணுத"ன்னு கேக்கும்போது அந்தப் பக்கம் சத்தமே இல்ல. போன் செத்துட்டு. இருந்த கொஞ்ச உசுரையும் நான் ஏசியே தீத்துட்டேன்.

திருப்பி அடிச்சேன். அணைச்சு வைக்கப்பட்டுள்ளதுன்னு ஒரு பொம்பளை சொல்லுதா. கடைய அப்படியே போட்டுட்டு, பக்கத்து டீக்கடையில பாத்துக்கிடுங்கன்னு கத்திட்டு, என் வண்டிய எடுத்தேன். பாளையங்கோட்டை ரோட்டுல நான் அன்னைக்குப் போன வேகத்துல எந்தக் காலத்துலயும் போனதில்ல. வழியெல்லாம் லாரிக்காரன ஏசிக்கிட்டே போறேன். துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரி ஒவ்வொண்ணும் எதிர்ல வரும்போது, இவனா இருப்பானோ, அவனா இருப்பானோன்னு முறைச்சுப் பாக்குதேன். பாவம், அவங்களுக்கு ஒண்ணும் விளங்கியிருக்காது.

பஞ்சர் கடையக் கண்டுபிடிச்சுக் கேட்டேன். "மீன்கார அக்காவா? இப்பதான் உள்ள கிராமத்துப் பக்கம் திரும்பிச்சு"ன்னு கை காட்டுனாரு. திரும்புனேன். ரெண்டு பக்கமும் உடை மரம். ரோடு ரெண்டாப் பிரியுது. எதுல போக? வண்டிய அணைச்சிட்டு நின்னேன். காதத் தீட்டிக்கிட்டுக் கேக்குதேன். எனக்கு நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் முதல்ல கேட்டுச்சு. அதுக்கப்புறம் இடது பக்கம் தூரத்துல, "சீலா இருக்கு, பாறை இருக்கு..." கேட்டதும் எனக்கு அழுகையே வந்துட்டு. அவ உசுரோட இருக்கா, வண்டி ஓடுது. பின்னாலயே என் குரலு வருது, "தொறக்கவே வேண்டாம் தாயி, ஆயுசுக்கும்..."

அதோட நின்னு போச்சு.

"ஓடும்" வரல. நான் காத்துக்கிட்டே நிக்குதேன். வரவே இல்ல. ஒரு காக்கா கத்துது. என் வாழ்க்கையில என் குரலக் கேக்கணும்னு நான் அப்படித் தவிச்சதே இல்ல தம்பிகளா. எப்படி வண்டிய உதைச்சேன், எப்படி அந்தத் தெருவுக்குள்ள போனேன்னு இன்னைக்கும் தெரியல. திரும்புற இடத்துல முதல்ல வாடை வந்துச்சு. ரப்பர் கருகுன வாடை. நமக்கு அந்த வாடை தெரியாதா?

தெரு நடுவுல வண்டி ஸ்டாண்டு போட்டு நிக்குது. சைடு மூடி தரையில கிடக்கு. ஸ்டாண்டுக்கு அடியில இருந்து லேசாப் புகை. வண்டிக்கு முன்னால பிலோமினா, கையில மீன் வெட்டுற கத்தியோட, ஒரு ஆச்சியோட சண்டை போட்டுக்கிட்டு நிக்குதா. அந்த ஆச்சி ஒரு வாளித் தண்ணிய வண்டி மேல ஊத்த வந்திருக்கா. "ஊத்தாதிய, நெருப்பு நின்னுட்டு, என் ஐஸெல்லாம் கரைஞ்சிரும்!"ன்னு இவ கத்துதா. நான் அப்படியே வண்டிய விட்டு இறங்கி, ரோட்டுலயே உக்காந்துட்டேன். ஆச்சி பாத்தா, அந்தத் தண்ணிய என் மூஞ்சியில தெளிச்சா.

வயரு ஸ்டாண்டு பட்ட இடத்துல பழுத்துக் கருகியிருந்துச்சு. ஆனா பேட்டரியில கருப்பு வயரு கழந்து தனியாத் தொங்குது. நான் பாத்தேன். அவளப் பாத்தேன்.

"இத யாரு கழத்துனா?"

"நான்தான். கத்தி முனைய வச்சுத் திருகுனேன். வாடை வந்துச்சு, சாவிய அணைச்சேன், பாட்டு நிக்கல. நெருப்புக்கு வேற வழி தெரியல."

"கருப்பக் கழத்தணும்னு உனக்கு எப்படித் தெரியும்? சிவப்பத் தொட்டிருந்தா, அந்தக் கத்தி இரும்புல பட்டு அங்கனயே பொறி பறந்திருக்குமே?"

"நீங்க எப்பவும் கருப்பத்தான முதல்ல கழத்துவிய? கடைசியாத்தான் மாட்டுவிய? அன்னைக்குப் பாத்தேன். இந்த மனுசன் வாய்தான் கண்டபடி போகுது, கை ஒழுங்காப் போகுதேன்னு நினைச்சேன்."

நான் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்ததில்ல. வாயத் தொறந்து சொன்னது பூராவும் பெருமை. அவளக் காப்பாத்துனது என் கை தன் போக்குல தினமும் செஞ்ச பழக்கம். கருப்பு முதல்ல, கருப்பு கடைசி. வேலை செய்யும்போது நம்மள யாரோ பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டே செய்யுங்க. நாலு பேர் உசுரு அதுல இருக்கலாம்.

அவ போன என் வண்டியில சார்ஜ்ல போட்டேன். அது கண் தொறக்குற வரைக்கும் கருகுன வயரப் பிடுங்கி எறிஞ்சேன். ஆச்சி வீட்டுல சுத்தியல் வாங்கி, அந்தக் கட்டிய ஒரு கல்லு மேல வச்சு ரெண்டு போடு போட்டேன். மூணாவது போடுல பொளந்துச்சு. உள்ள கூடு புதுசு மாதிரி மின்னுது. ஒரு பொட்டு உப்பு இல்ல. நடுவுல ஃபியூஸ் மட்டும் அறுந்திருந்துச்சு. சார்ஜர் சாக்கெட்டுக்குள்ள மீன் தண்ணி இறங்கியிருக்கு, அதனாலதான் ஃபியூஸ் அறுந்திருக்கு. செய்ய வேண்டிய வேலைய ஒழுங்காச் செஞ்சிருக்கு.

அத அவளுக்குக் காட்டி விளக்கிச் சொன்னேன். கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. "அப்ப இது செத்துப் போகல அண்ணாச்சி. 'ஏதோ கோளாறு இருக்கு, பாருங்க'ன்னு சொல்லியிருக்கு. நீங்க அது வாயில மண்ண அப்பி வச்சிருக்கிய"ன்னா.

லாரிக்காரர் மேல இருந்த கோவமெல்லாம் அங்கனயே இறங்கிப் போச்சு. அவரு என்ன செய்வாரு? ரோட்டுல ஒரு பொம்பளை மீனோட தவிச்சு நிக்குதா. தொறக்க முடிஞ்சிருந்தா பத்து நிமிசத்துல ஒரு ஃபியூஸ் வாங்கி மாட்டியிருப்பாரு. நான் வழிய அடைச்சேன், அவரு சுத்திப் போனாரு. "என்ன மன்னிச்சிரு தாயி"ன்னு சொன்னேன். "அதெல்லாம் அப்புறம், சீலா நாறிரும், வாங்க"ன்னா.

அவ போனு என் வண்டியிலயே இருந்துச்சு. அது வழி சொல்லச் சொல்ல நான் முன்னால போக, அவ பின்னால வந்தா. ஒலிபெருக்கி இல்லாததால வாயாலயே, "சீலா இருக்கு, பாறை இருக்கு"ன்னு கூவிக்கிட்டே வாரா. ஒரு வீட்டு வாசல்ல நின்ன பொம்பளை, "அந்த ஆயுசுக்கும் ஓடும் எங்க?"ன்னு கேட்டா. இவ கத்தியால என்னக் காட்டி, "அது முன்னால போகுது பாருங்க"ன்னா. விருந்து வீட்டுல சமையக்காரர் செவுளத் தூக்கிப் பாத்தாரு, அமுக்கிப் பாத்தாரு, தலைய ஆட்டுனாரு. அவருதான் இன்னைக்கு வரைக்கும் அவகிட்ட மீன் எடுக்காரு.

மறுநாள் அவ வண்டிக்கு எல்லாம் புதுசாச் செஞ்சேன். ஃபியூஸ மூடி போட்ட சின்ன டப்பாவுக்குள்ள வச்சு, தண்ணி சொட்டாத பக்கமா சீட்டுக்கு அடியில ஏத்துனேன். உப்புக்கு லேசா வாசலின் தடவுனேன். மாத்து ஃபியூஸ் ரெண்டு அதுலயே கட்டித் தொங்க விட்டேன். சார்ஜர் சாக்கெட்டுக்கு ரப்பர் மூடி போட்டேன். அப்புறம் ஃபியூஸப் பிடுங்கி அவ கையில குடுத்து, "நீ மாட்டு, அப்புறம் வண்டிய எடு"ன்னேன். ஒரே தடவையில மாட்டிட்டா. அதுக்கப்புறம் கடைய மூடுற நாள் வரைக்கும், வண்டிக்காரன் தன் கையால ஃபியூஸ மாட்டிக் காட்டாம எந்த வண்டியையும் நான் வெளிய விட்டதில்ல.

"இப்பவாவது அந்தப் பதிவ அழிளா"ன்னு கேட்டேன்.

"இந்த மாதிரி இன்னும் எத்தன வண்டியில அப்பி வச்சிருக்கிய?"

நான் விரல் விட்டு எண்ணுனேன், ரெண்டு கையும் பத்தல.

"அத்தனையும் பிரிச்சு முடிச்சதும் வாங்க, அழிக்கேன்."

அழிச்சாளா அவ! அன்னையில இருந்து அவ எனக்கு மேஸ்திரி ஆயிட்டா. தெருத்தெருவாப் போறவளாச்சே, நிக்கிற பைக்குல எல்லாம் எட்டிப் பாப்பா. "அண்ணாச்சி, கோயிலுக்குப் பின்னால ஒரு நீல வண்டியில ஒண்ணு இருக்கு"ன்னு போன் வரும். நான் சுத்தியலத் தூக்கிக்கிட்டுப் போவேன். "நான் தப்பாச் செஞ்சிட்டேன், பிரிச்சு மாத்தித் தாரேன்"ன்னு சொல்லணும். முதல் பத்து தடவை நாக்கு உள்ளயே ஒட்டிக்கிட்டு. அப்புறம் பழகிட்டு. உப்பளத்துல வேலை பாக்குற ஒருத்தன், "நல்லாத்தான ஓடுது, விடுங்க அண்ணாச்சி"ன்னு வண்டியத் தர மாட்டேன்னுட்டான். பிலோமினா போய் கருகுன வயர அவன் பொண்டாட்டிகிட்டக் காட்டுனா. மறுநாள் காலையில நான் கடை தொறக்குறதுக்கு முன்னாலயே வண்டியோட நிக்கான்.

ஒரு வழியா எல்லாம் முடிஞ்சுது. அவள வரச் சொல்லி, நெஞ்ச நிமித்திக்கிட்டு, "இனி இந்த ஊர்ல ஒரு கட்டி கிடையாது. அழி"ன்னேன்.

அவ நேரா என் வண்டிகிட்டப் போனா. சைடு மூடியக் கழத்துனா. உள்ள சாம்பல் கலர்ல, நான் முதன்முதலா வச்ச கட்டி ஜம்முன்னு உக்காந்திருக்கு.

"அது என் வண்டிளா, எனக்குத் தெரியாதா"ன்னேன்.

"உங்களுக்குத் தெரியும். நீங்க வழியில மயங்கிக் கிடந்தா, வண்டிய எடுக்குறவனுக்குத் தெரியுமா? பொளங்க"ன்னு மீன் கத்தியோட பிடியத் திருப்பி நீட்டுனா.

நான் சுத்தியல எடுத்துப் பொளந்தேன். உள்ள கூடு இருந்துச்சு. ஃபியூஸ் இல்ல. அந்த இடத்துல ஒரு செம்பு வயரு நூல முறுக்கி வச்சிருக்கு.

யாரு வச்சா? நான்தான். பசை வாங்கிட்டு வந்த முதல் நாள், செஞ்சு பாக்குற அவசரத்துல, கடையில ஃபியூஸ் தீந்து போச்சு. சும்மா இப்போதைக்கு ஒரு நூல முறுக்கி வைப்போம், நாளைக்கு மாத்திக்கிடலாம்னு வச்சேன். மேல பசைய அப்புனேன். அதோட சுத்தமா மறந்துட்டேன். கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான ஞாபகம் வரும்? அத்தன வருசமும் ஃபியூஸே இல்லாத வண்டியில உக்காந்துக்கிட்டுத்தான் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கிட்டு அலைஞ்சிருக்கேன். லாரிக்காரர ஏசிக்கிட்டே போனது இந்த வண்டியிலதான். பிலோமினா போனச் சார்ஜ் போட்டு, அவளப் பின்னால வரச் சொல்லிக் கூட்டிட்டுப் போனதும் இதே வயர நம்பித்தான்.

எனக்குக் கண்ணு கலங்கிட்டு. பிலோமினா அந்தச் செம்பு நூலப் பாத்தா, என் மூஞ்சியப் பாத்தா. சிரிக்கப் போறான்னு நினைச்சேன். சிரிக்கல. ஒலிபெருக்கியக் கையில எடுத்து, "அழிச்சிரவா அண்ணாச்சி?"ன்னு மெதுவாக் கேட்டா.

"வேண்டாம் தாயி, ஓடட்டும்"னேன்.

அந்தக் கட்டிதான் டி.வி. பக்கத்துல இருக்கு. என் வண்டியில எடுத்தது, செம்பு நூலோட. பிலோமினா வண்டியில எடுத்தத அவ ஜெபமாலைக்குப் பக்கத்துல ஹேண்டில்பார்ல கட்டித் தொங்க விட்டிருக்கா. நாளைக்குக் காலையில உங்க தெருவுல மீன் வண்டி வந்து, பின்னால ஒரு கிழவன் குரலு "ஆயுசுக்கும் ஓடும்"னு கத்துனா, அது நான்தான். சீலா நல்லா இருக்கும், வாங்குங்க. அவ எடை போடுறதுக்குள்ள உங்க சொந்த வண்டியோட சைடு மூடிய ஒரு தடவை தொறந்து பாத்துக்கிடுங்க.